கந்தல் எடுக்கப் போனவன்

சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு வராது. அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஒருவன் இருந்தான். குழியிலோ கிணற்றிலோ இடிந்த சுவருக்கு அடியிலோ மாட்டிக்கொண்ட ஆளைக் கயிறு கட்டித் தூக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு நிமிடம் தாமதம் செய்து ஓர் உயிரைக் கோட்டைவிட்டான் என்று சொல்லி, அவனைக் கயிற்றின் பக்கமே வரவிடாமல் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தான். அந்த நாலு நிமிடம் அவனுடையது இல்லை, என்னுடையது. எனக்கு அது முதல் நாளே தெரியும். அவனுக்குத் தெரியாது.

அவனை நாங்கள் கந்தல் என்று கூப்பிடுவோம். அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. என்னை அவசரம் என்பார்கள். இரண்டு பெயரையும் வைத்தது எங்கள் வண்டி டிரைவர். மணி அடித்தால் ஒரு பூட்ஸ் காலிலும் இன்னொன்று கையிலுமாக ஓடிப்போய் வண்டியில் தொற்றிக்கொள்கிறவன் நான். அவன் கடைசி ஆளாக வருவான், ஆனால் எல்லாப் பொத்தானும் போட்டிருப்பான். "இவன் கால்ல வெந்நீரைக் கொட்டினாக்கூட, துடைக்கத் துணி எங்க இருக்குன்னு பார்த்துட்டுதான் குதிப்பான்" என்று டிரைவர் சொல்லுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவனும் சிரிப்பான்.

இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் அப்பா தையல்காரர். வீடு ஒரே அறை, அதில் பாதியைத் தையல் மெஷினும் வெட்டுகிற மேசையும் பிடித்துக்கொண்டன. மிச்ச இடத்தில் அம்மா சமைத்தாள், மூன்று பிள்ளைகள் படித்தார்கள், படுத்தார்கள். அப்பா ஒரு துண்டுத் துணியைக்கூட எறியமாட்டாராம். காலர் வெட்டியது, கை வெட்டியது, நைந்துபோன பழைய சட்டை என்று எல்லாம் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் போகும். அந்த மூட்டைகள்மேல்தான் இவன் தூங்கி வளர்ந்தான். எந்தத் துணி தண்ணீரை உறிஞ்சும், எது உடம்பை அறுக்கும், எது பத்துத் தடவை துவைத்த பிறகுதான் பதமாகும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். "உனக்குப் பொண்ணு பார்த்தப்போ முகத்தைப் பார்த்தியா, துணியைப் பார்த்தியாடா?" என்று நான் கேட்டிருக்கிறேன். "ரெண்டையும்தான். துணி கொஞ்சம் மட்டம்" என்றான். அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

அவனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கோயிலுக்குத்தான் எங்கள் இரண்டு குடும்பமும் போகும். போதகர் அன்றைக்குப் பைபிளில் வரும் எரேமியாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நான் வழக்கம்போலத் தூண் ஓரத்தில் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். தீர்க்கதரிசி எப்படி ஊருக்காக அழுதார், ராஜாக்கள் எப்படிக் காதில் வாங்கவில்லை, நகரம் எப்படி நாசமாகப் போனது என்று உருகி உருகிச் சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்து நிற்கும் நேரத்தில் இவன் கையைத் தூக்கினான். பள்ளிக்கூடம் மாதிரி! எனக்கு மானம் போயிற்று.

"ஐயா, அந்தப் பழந்துணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

"எந்தப் பழந்துணி?" என்றார் போதகர்.

"சேறு நிறைஞ்ச குழியில அவரைப் போட்டுட்டாங்கல்ல? அரண்மனையில வேலை பார்த்த எத்தியோப்பியன் ஒருத்தன் ராஜாகிட்ட கெஞ்சி, முப்பது ஆளைக் கூட்டிட்டுக் காப்பாத்தப் போனான். ஆனா நேரா குழிக்குப் போகல. முதல்ல அரண்மனையில பொக்கிஷ அறைக்குக் கீழ இருக்கற ரூமுக்குப் போய், கிழிஞ்ச பழைய துணியா பொறுக்கி எடுத்துட்டு வந்தான். அதை உள்ளே இறக்கி, அக்குள்ல வச்சு அதுக்கு மேல கயித்தைப் போட்டுக்கங்கன்னு சொன்னான். அப்புறம்தான் இழுத்தான்."

போதகர் நல்ல மனிதர். புன்னகைத்தார். "ஆமா தம்பி, அது ஒரு சின்ன விவரம்" என்றார்.

"சின்ன விவரமா? அவர் சேத்துல அமிழ்ந்துட்டு இருக்காரு. சாப்பாடு இல்லாம செத்துடுவார்னு அவனே ராஜாகிட்ட சொல்லியிருக்கான். அந்த நேரத்துல ஒருத்தன் துணி பொறுக்கப் போறான்னா, அவனுக்குக் கயிறு என்ன செய்யும்னு தெரிஞ்சிருக்கு ஐயா!"

சபையே திரும்பிப் பார்த்தது. அவன் பெண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் எரேமியா குடிவந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். குழாய்களைக் கழுவி நீளமாக விரித்துக் காயப்போட்டுவிட்டு, மணிக்காகக் காத்திருப்போம். அந்த நேரத்தில் அவன் ஆரம்பித்துவிடுவான். "சின்ன வயசுலயே கூப்பிட்டாங்கடா அவரை. எனக்குப் பேசத் தெரியாது, நான் சின்னப்பிள்ளைன்னாரு. விடல. கல்யாணம் கிடையாது, குழந்தை கிடையாது. எழுதிக் கொடுத்ததை ராஜா கத்தியால கிழிச்சுக் கிழிச்சு நெருப்புல போட்டான். மறுபடி உட்கார்ந்து முதல்லேருந்து எழுத வச்சாரு. நாற்பது வருஷம் சொன்னாரு, ஒருத்தன் கேட்கல. அவ்வளவு பேர்ல அவருக்காகக் கொஞ்சம் யோசிச்சவன் ஒரே ஒருத்தன். அவனும் வெளியூர்க்காரன்."

"போதும்டா சாமி, எனக்கே அழுகை வருது" என்பேன் நான்.

அவன் சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பயிற்சிக் கோபுரத்தில் என்னை ஏற்றிவிட்டான். அப்போதெல்லாம் இப்போது இருப்பதுபோல உடம்போடு பூட்டுகிற பெல்ட் எங்களிடம் இல்லை. அக்குளுக்கு அடியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு இழுப்பதுதான் வழி. முதலில் வெறும் கயிற்றில் என்னைத் தொங்கவிட்டான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கை இரண்டும் மரத்துப்போய், அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினேன். இறக்கிவிட்டு, பழைய படுக்கை விரிப்பை மடித்து இரண்டு பக்கமும் வைத்து மறுபடி தூக்கினான். தொங்கிக்கொண்டே ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்கு?" என்று கீழிருந்து கேட்டான். "ஒரு வித்தியாசமும் இல்ல" என்றேன். பொய். வாய்க்கொழுப்பு.

அதற்குப் பிறகு அவன் ஒரு சாக்குமூட்டை தயார் செய்தான். வீடுவீடாகக் கேட்டு வாங்கிய பழந்துணி. துவைத்து, காயவைத்து, அக்குளுக்கு வைக்கிற அளவில் மடித்து, இரண்டிரண்டாக நாடாவால் கட்டி வைத்திருப்பான். வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் அதற்கென்று ஓர் இடம். மாதம் ஒரு தடவை எடுத்துத் துவைத்து, ஸ்டோர் ரூம் அலமாரியில் காயப்போட்டு, மறுநாள் திரும்ப வைத்துவிடுவான். ஏழெட்டு வருடத்தில் அந்த மூட்டை எத்தனை பேரின் தோளைக் காப்பாற்றியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூட்டை நாறுகிறது என்று மட்டும் எல்லோரும் சொன்னோம்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

மழைக்காலம். காலையில் மேலதிகாரி சோதனைக்கு வரப்போகிறார் என்று தகவல். வண்டியைத் துடைத்து மினுக்குகிற பொறுப்பு என்னுடையது. சீட்டுக்கு அடியில் கையை விட்டால் அந்த மூட்டை. முந்தின நாள்தான் துவைத்திருந்தான். மழை ஈரத்தில் சரியாகக் காயாமல் ஒரு பூஞ்சை வாடை. எனக்கு ஏற்கெனவே எரிச்சல். "இந்தக் குப்பையை எவன் பார்த்துட்டு நிப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூம் அலமாரியில் எறிந்தேன். அதிகாரி போனதும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதிகாரி வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

பம்ப் அறை கட்டுவதற்காகத் தோண்டிய பள்ளம். பக்கச் சுவர் சரிந்து, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் மார்பு வரைக்கும் சேற்றில். ஒருவர் கொத்தனார். இன்னொருவர் மண்வெட்டுகிற தொழிலாளி. மேலே பெண்கள் கத்துகிறார்கள், மழை விடாமல் பெய்கிறது. நான் பாய்ந்து கொத்தனாருக்குக் கயிற்றைப் போட்டேன். ஆறு பேர் பிடித்து இழுத்தோம். சேறு சுலபத்தில் விடாது, உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் மேலே வந்துவிட்டார்.

அடுத்த ஆளுக்கு நான் கயிற்றை வீசப் போனபோது கந்தல் என் மணிக்கட்டைப் பிடித்தான். "நில்லு. இவர் இன்னும் ஆழத்துல இருக்கார். வெறும் கயித்துல இழுத்தா தோளு கழண்டுரும்." சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினான். சீட்டைத் தூக்கினான். காலி. அவன் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். மூட்டையைத் தேடிக் கையை உள்ளே விட்டுத் துழாவினான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, தொழிலாளர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளை நோக்கி ஓடினான்.

நான் வாயைத் திறக்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு கதவாகத் தட்டி ஒரு போர்வையும் இரண்டு சட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான். அவனே கீழே இறங்கினான். அந்த ஆளின் காதருகில் குனிந்து பேசிக்கொண்டே துணியை வைத்துக் கட்டினான். "இழுங்க, மெதுவா" என்றான். ஆள் மேலே வந்தார். மூச்சு இருந்தது. கந்தலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் ஏறினார். சாயங்காலம் மருத்துவமனையில் இறந்துபோனார். நெஞ்சு வெகுநேரம் அழுந்தியிருந்தது என்றார் டாக்டர். நாலு நிமிடம் முன்னால் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு, "அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் கந்தல் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனான். அலமாரியில் மூட்டை இருந்தது. முந்தின நாள் அவனே காயப்போட்ட அதே அலமாரி. அவன் அதன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் திரும்ப வைக்கல. வச்சதா நினைச்சுட்டு இருந்தேன். வைக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை.

விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள், நீள மேசை, எழுத ஒருவர். என்னைக் கேட்டார்கள். "நாலு நிமிஷம் இருக்கும் சார். துணி தேடப் போனான்" என்றேன். உண்மைதானே! ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவனைக் கேட்டார்கள். "மூட்டையை வண்டியில வைக்க மறந்தது என் தப்புதான்" என்றான். அந்த நேரத்தில்கூட என் நாக்கு எழவில்லை. பயம். வேலை போய்விடுமோ என்ற பயம், எல்லோரும் காறித் துப்புவார்களோ என்ற பயம். அப்புறம் ஒரு கேவலமான ஆறுதலும் இருந்தது: அவன் துணி தேடாமலே இழுத்திருக்கலாமே என்று. அந்த ஆறுதலில்தான் நான் பல வருடம் ஓட்டினேன்.

கொத்தனாரை உயிரோடு எடுத்ததற்கு எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கந்தலை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

கொத்தனாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உயிர் பிழைத்தார். ஆனால் அக்குளில் கயிறு அழுத்திய இடத்தில் நரம்பு செத்துப்போயிற்று. இரண்டு கையும் அதற்குப் பிறகு எழவே இல்லை. கொத்துக்கரண்டி பிடிக்க முடியாது, தலைவார முடியாது. ஒரு தடவை சந்தை வாசலில் என்னைப் பார்த்தார். "உயிரைக் கொடுத்தவர்" என்று பக்கத்தில் இருந்த பெண்டாட்டியிடம் என்னைக் காட்டினார். காட்டுவதற்குக் கையை எடுக்க முடியாமல் தாடையால் காட்டினார். நான் வேலை இருப்பதாகச் சொல்லிக் கழன்றுகொண்டேன்.

ஸ்டோர் ரூம் ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு டியூப்லைட், சுவர் முழுக்கக் கயிற்றுச் சுருள். மணி அடித்தால் நாங்கள் ஓடுவோம். அவன் அந்தப் பழந்துணி மூட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வண்டி வாசலுக்கு வந்து, சீட்டுக்கு அடியில் அவனே வைத்துவிட்டு, ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போவான். ஒவ்வொரு மணிக்கும். பதினெட்டு வருடம். நாங்கள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பான். "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

சம்பவம் நடந்த அடுத்த மாதம் அந்தத் தொழிலாளியின் மனைவி நிலையத்துக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நழுவினோம். கந்தல்தான் எழுந்து நின்றான். தலை குனிந்திருந்தது.

"என் வீட்டுக்காரருக்குத் துணி வச்சுக் கட்டினது நீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான். லேட்டாயிருச்சு. என்னாலதான்…"

"நாலு நிமிஷம்னு சொன்னாங்க. எனக்கு நிமிஷக் கணக்கெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரியில பார்த்தேன். அவர் உடம்புல ஒரு கீறல்கூட இல்ல. தூங்கற மாதிரி இருந்தாரு. சேத்துல செத்த ஆளு அப்படி இருக்கமாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க." ஒரு பையை நீட்டினாள். உள்ளே அவருடைய சட்டைகள், துவைத்து மடித்தது. "இதையும் வச்சுக்கங்க. யாருக்காவது ஆகும்."

கந்தல் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வருடம் ஒரு தடவை வருவாள். அக்கம்பக்கத்தில் சேர்த்த பழந்துணியைக் கொடுத்துவிட்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்து போவாள். மற்ற சட்டைகளெல்லாம் நைந்து போய்விட்டன. அவருடைய நீலக் கோடு போட்ட ஒன்றை மட்டும் கந்தல் எடுத்துப் பயன்படுத்தவே இல்லை. மூட்டையின் அடியில் தனியாக மடித்து வைத்திருந்தான்.

நான் சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை ஸ்டோர் ரூம் வாசல் வரைக்கும் போயிருக்கிறேன்! "என்னடா அவசரம்?" என்பான். "கையுறை இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். என் வீட்டில் யாருக்கும் வேண்டாத பதினோரு ஜோடிக் கையுறை சேர்ந்துவிட்டது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற மூன்றாவது வருடம் அவனுக்கு வயிற்றில் கட்டி. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ஒரு மத்தியானம் அவன் பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணே, ஒரு நடை வந்துட்டுப் போங்க. உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கார்."

போனேன். அவன் அப்பா காலத்துத் தையல் மெஷின் மூலையில் இருந்தது. கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். உட்கார வேண்டும் என்றான். நான் என் வழக்கப்படி அக்குளில் கையைக் கொடுத்து வெடுக்கென்று தூக்கினேன். "அம்மா!" என்று கத்திவிட்டான்.

"அண்ணே, அப்படித் தூக்காதீங்க, எலும்பு குத்தும்" என்று அவன் பெண்டாட்டி மடித்த துணி இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வைத்துத் தூக்கினேன். சத்தமே இல்லாமல் எழுந்து உட்கார்ந்தான்.

"முப்பது வருஷம் கழிச்சுக் கத்துக்கிட்டான் பாரு" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்தது இருமலில் முடிந்தது. அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

இருமல் அடங்கியது. பிறகு ஆரம்பித்தான். "எரேமியா காவல்ல கிடந்தாரு. ஊரைச் சுத்தி எதிரிங்க. பிடிபடப் போகுது. அந்த நேரத்துல அவருக்கு ஒரு செய்தி வருது, அந்த எத்தியோப்பியனுக்குச் சொல்லச் சொல்லி. நீ பயப்படாதே, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. அவ்வளவு பெரிய அழிவுல அவனை மறக்கல பார்த்தியா."

"ம்" என்றேன்.

"நான் அதை நினைச்சு நினைச்சுப் பார்ப்பேன்டா. அவனுக்கு அந்தத் துணி எந்த ரூம்ல இருக்குன்னு தெரிஞ்சிருந்துது. நேரா போனான், எடுத்தான். நான் மறந்துட்டேன். வாழ்க்கை பூரா ஒரே ஒரு வேலையை எடுத்து வச்சுக்கிட்டேன், அதையும் வேண்டிய அன்னிக்கு மறந்துட்டேன்."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை.

"நீ மறக்கலடா. வண்டியிலதான் வச்சிருந்தே. அன்னிக்குக் காலையில சோதனைக்குன்னு நான்தான் எடுத்து அலமாரியில எறிஞ்சேன்."

அவன் என்னையே பார்த்தான். "வச்சேனா?" என்றான்.

"வச்சிருந்தே."

"சீட்டுக்கு அடியிலயா?"

"சீட்டுக்கு அடியில. மடிச்சு, நாடா கட்டி."

"நான் வச்சேனா?" என்று மூன்றாவது தடவையும் கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. என்னைத் திட்டுவான், ஓர் அறை கொடுப்பான், அல்லது போகட்டும் விடுடா என்பான் என்றெல்லாம் இருபது வருடத்துக்கு மேலாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ போடா" என்றான்.

எழுந்தேன். வாசல்வரை போனதும் குரல் வந்தது. "எங்கிட்ட சொன்னா பத்தாது. அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு."

சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். எல்லாவற்றுக்கும் ஓடுகிறவனுக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் கால் எழவில்லை. அந்தத் தொழிலாளியின் மனைவி வீட்டுத் தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். பதினோராவது நாள் காலையில் அவன் போய்விட்டான்.

அடக்கத்துக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டிரைவர் தடி ஊன்றி வந்தார். கொத்தனார் வந்திருந்தார், கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க. அவளும் வந்திருந்தாள், அந்த வருடத்துத் துணிப் பையோடு. நிலையத்து வண்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். போதகர் ஜெபித்து முடித்தார். பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்து, நாலு பேர் பிடித்தோம். தலைமாட்டுக் கயிறு என் கையில்.

கயிறு பெட்டியின் விளிம்பை அறுத்துக்கொண்டு இறுகியதைப் பார்த்தேன். என் கைகள் நின்றுவிட்டன.

"நிறுத்துங்க" என்றேன். "துணி வைக்கணும்."

"என்னய்யா இது, பெட்டிக்கு எதுக்குத் துணி? மழை வர்ற மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

"நில்லுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். கயிற்றைப் பக்கத்தில் இருந்தவன் கையில் கொடுத்துவிட்டு, கல்லறைகளுக்கு நடுவே வாசலுக்கு நடந்தேன். முழங்கால் வலியில் ஓட வரவில்லை. வண்டிக்குள் சீட்டைத் தூக்கினேன். மூட்டை இருந்தது. யாரோ ஒரு புதுப் பையன் அதை இன்னும் தவறாமல் வைத்துக்கொண்டிருக்கிறான். எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

துணிப் பையோடு நின்ற அவள் எதிரில் போய் நின்றேன்.

"அம்மா, இந்த மூட்டை அன்னிக்கு வண்டியில இருந்துச்சு. இவன் வச்சிருந்தான். நாறுதுன்னு தூக்கி எறிஞ்சவன் நான். அந்த நாலு நிமிஷம் என்னோடது. விசாரணையில நான் சொல்லல. இவன் தன் தப்புன்னே நினைச்சுட்டு இருந்தான். பதினொரு நாளைக்கு முன்னாலதான் சொன்னேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். டிரைவருக்குக் கேட்டது, கொத்தனாருக்குக் கேட்டது, கந்தலின் பெண்டாட்டிக்கும் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தொழிலாளியின் மனைவி என் கையிலிருந்து மூட்டையை வாங்கித் தரையில் வைத்து அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அடியில் இருந்த நீலக்கோட்டுச் சட்டை வந்ததும் அவள் கை நின்றது. இத்தனை வருடம் அது பத்திரமாக இருந்தது அவளுக்குத் தெரியாது. அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து பெட்டியருகே மண்டியிட்டு, தலைமாட்டுக் கயிற்றைத் தூக்கி, அதற்கு அடியில் அந்தச் சட்டையை மடித்து வைத்தாள்.

என் பக்கம் அவள் திரும்பவில்லை. இன்றுவரை என்னோடு பேசியதும் இல்லை.

"இப்ப இறக்குங்க" என்றாள். "மெதுவா."

நான் கயிற்றை வாங்கிக்கொண்டு மெதுவாக இறக்கினேன்.